அம்பின் காதுகள்

மத்ரஸாவில் ஹதீஸ் கிதாபுகளை ஓதிக்கொண்டிருந்த காலத்தில் "குத்தா" என்றொரு சொல் பாடத்தில் வந்தது. உஸ்தாத் அவர்கள் "இறகு" என்று பொருள் கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றார்கள். நாமும் கிதாபின் ஓரத்தில் பென்சிலால் "இறகு" என எழுதிக்கொண்டோம். அத்துடன் அச்சொல்லை மறந்தும்விட்டோம்.

பல ஆண்டுகள் கழித்து மிம்பரில் நின்று பேசும் பொறுப்பு நமக்கு வந்தபோது, அச்சொல் மீண்டும் குறுக்கிட்டது. முன்சென்ற சமூகத்தாரின் நடைமுறைகளை இந்தச் சமுதாயத்தவர் சிறிதும் பிசகாமல் பின்பற்றிச் செல்லும் நிலை வரும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை நாம் அறிவோம். சாண், முழம் என்னும் உவமையுடன் வரும் அறிவிப்பே மக்களிடையே பிரபலமானது. முஸ்னது அஹ்மதில் இடம்பெறும் ஓர் அறிவிப்பில், ஒரு குத்தாவுக்கு மற்றொரு குத்தா ஒத்திருப்பதைப் போல என்ற உவமை வருகின்றது. பறவையின் சிறகில் ஓர் இறகின் மேல் இன்னோர் இறகு வரிசையாகப் படிந்திருப்பதைப் போல என்று நாம் அதற்கு விளக்கம் கூறிவந்தோம். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். நமக்கும் அது அழகான விளக்கமாகவே பட்டது.

அது தவறான விளக்கம். ஹதீஸ்களில் வரும் அரிய சொற்களுக்குப் பொருள் கூறும் "அந்நிஹாயா" என்னும் நூலை வேறொரு தேவைக்காகப் புரட்டியபோதுதான் இது நமக்குத் தெரியவந்தது. ஹிஜ்ரி 606இல் (கி.பி. 1210) மறைந்த இமாம் இப்னுல் அஸீர் (ரஹ்) அவர்களின் நூல் அது. குத்தா என்பது பறவையின் உடலில் இருக்கும் இறகு அன்று; அம்பில் ஒட்டப்படும் இறகு. ஒன்றை மற்றொன்றின் மீது வைத்து, அளவு பார்த்து, ஒரே அளவாக வெட்டி எடுக்கப்பட்ட துண்டு அது. வரிசையாகப் படிந்திருப்பதை அன்று, அளந்து வெட்டிய சமத்தையே அந்த உவமை குறிக்கின்றது. அடுத்து வந்த ஜும்ஆவிலேயே திருத்திச் சொல்லிவிட்டோம். ஆயினும், அம்பில் இறகு எதற்கு, அதை ஏன் அவ்வளவு துல்லியமாக அளந்து வெட்டினார்கள் என்னும் கேள்வி நம்மை விடவில்லை. அதைத் தேடிச் சென்றதில் கிடைத்தவற்றையே இவ்வாண்டு மலரில் ஜமாஅத்தாரோடு பகிர்ந்துகொள்கிறோம்.

அம்பு என்றதும் நம் கண்முன் வருவது அதன் கூர்முனைதான். ஆனால் அம்பை அம்பாக்குவது அதன் வால்பகுதி. நாணிலிருந்து விடுபடும் கணத்தில் அம்பு நேராகப் பாய்வதில்லை. பின்னாலிருந்து திடீரென உந்தப்படுவதால் அதன் தண்டு மீனைப் போல வளைந்து நெளிந்துகொண்டே புறப்படுகின்றது. வாலில் இறகு இருந்தால், அம்பு சற்றே பக்கவாட்டில் திரும்பும்போது காற்று அந்த இறகின்மீது மோதி வாலைப் பின்னுக்குத் தள்ளி, முனையை மீண்டும் முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். இறகு இல்லையென்றால் திரும்பியது திரும்பியபடியே போகும். கனம் முன்னாலும், காற்றின் தடை பின்னாலும் இருக்க வேண்டும் என்பதே இதன் சுருக்கம்.

இதற்குப் பறவையின் இறகைவிடப் பொருத்தமான பொருள் பழங்காலத்தில் வேறு கிடைக்கவில்லை. எடை மிகக் குறைவு. வில்லிலோ கையிலோ உரசிச் செல்லும்போது மடங்கிக்கொடுத்து, உரசல் நீங்கியதும் தானே நிமிர்ந்துகொள்ளும். அதன் ஒரே பலவீனம் ஈரம். மழையில் நனைந்த இறகு படுத்துவிடும். அதன்பின் அந்த அம்பை நம்ப முடியாது.

அரபு மொழியில் ஓர் அம்பு

அம்பு செய்வதில் ஒவ்வொரு படிக்கும் அரபியர் தனித்தனிச் சொல் வைத்திருந்தனர். செதுக்கி நேராக்கப்பட்டு, முனையும் இறகும் இன்னும் பொருத்தப்படாத தண்டுக்கு "கித்ஹ்" என்று பெயர். இச்சொல்லைக் கேட்டதும் ஸீரா படித்தவர்களுக்கு அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள் நினைவுக்கு வரலாம். பத்ருப் போரின் முடிவு மக்காவை வந்தடைந்த நாளை அவர் விவரிக்கும்போது, தாம் உடல் வலிமை குன்றியவராக இருந்ததாகவும், ஸம்ஸம் கிணற்றின் அருகிலிருந்த அறையில் அமர்ந்து அம்புத் தண்டுகளைச் செதுக்கிக்கொண்டிருந்ததாகவும் சொல்கின்றார். அப்போதுதான் அபூலஹப் அங்கு வந்து அமர்ந்தான். அந்த நிகழ்ச்சியை எத்தனையோ முறை படித்த நாம், அவருடைய மடியில் கிடந்த மரச்சீவல்களை ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை.

இஸ்லாத்தில் முதல் அம்பை எய்தவர் என்னும் சிறப்புக்குரிய ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களும் அம்பு செதுக்கும் தொழில் தெரிந்தவர் என்று, குறைஷிப் பிரமுகர்களின் தொழில்களைப் பட்டியலிடும் இப்னு குதைபா (ரஹ்) குறிப்பிடுகின்றார்கள். எய்பவரே செய்பவராகவும் இருந்த காலம் அது. ஓர் அம்பின் காரணமாக மூவருக்குச் சுவனம் கிடைக்கும் என்னும் பொருளில் உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸுனன் நூல்களில் உள்ளது. அந்த மூவரில் முதலாவதாகச் சொல்லப்படுபவர், நன்மையை நாடி அதைச் செய்தவர். எய்தவரும் எடுத்துக்கொடுத்தவரும் அவருக்குப் பிறகே வருகின்றனர்.

தண்டு செதுக்குவதற்கு ஒரு வினை, இறகு பொருத்துவதற்கு ஒரு வினை. "அவன் இறகு பொருத்தவும் மாட்டான், செதுக்கவும் மாட்டான்" என்றால், யாருக்கும் நன்மையோ தீமையோ செய்ய இயலாதவன் என்று பொருள். இறகு பொருத்துதல் என்னும் அதே வினையை, வறியவனுக்கு வாழ வழிசெய்து கொடுப்பதற்கும் அரபியர் பயன்படுத்தினர். திருக்குர்ஆனின் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தில் ஆடையைப் பற்றிப் பேசுமிடத்தில் "ரீஷ்" என்ற சொல் அலங்காரம் என்னும் பொருளில் வருகின்றது. அதன் அடிப்படைப் பொருளும் இறகுதான்.

ஹிஜ்ரி 711இல் (கி.பி. 1311) மறைந்த இப்னு மன்ளூரின் "லிஸானுல் அரப்" என்னும் பேரகராதி, அம்புக்கு மூன்று குத்தாக்கள் உண்டு என்றும், அவையே அதன் காதுகள் என்றும் கூறுகின்றது. இக்கட்டுரையின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

அதே அகராதியில் நாம் மிகவும் வியந்த சொற்கள் வேறு இரண்டு. ஓர் இறகின் வயிற்றுப்புறம் அடுத்த இறகின் முதுகுப்புறத்தை நோக்கி இருக்கும்படி பொருத்தப்பட்டிருந்தால் அது "லுஆம்", அதுவே சிறந்தது. வயிறும் வயிறும், அல்லது முதுகும் முதுகும் எதிரெதிராக இருந்தால் அது "லுகாப்"; அது பழுதானது. இதை முதலில் வாசித்தபோது நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கோழி இறகைக் கையில் எடுத்துப் பார்த்தபின்தான் விளங்கிற்று. இறகு தட்டையானதன்று, லேசாகக் குழிந்திருக்கும். குழிந்த பக்கம் வயிறு, புடைத்த பக்கம் முதுகு. வலச்சிறகின் இறகு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். இடச்சிறகின் இறகு அதற்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். மூன்றையும் ஒரே சிறகிலிருந்து எடுத்துத் தண்டைச் சுற்றி ஒட்டினால், ஒவ்வொன்றின் வயிறும் அடுத்ததன் முதுகைப் பார்த்தபடி தானாகவே அமைந்துவிடும். மூன்றில் ஒன்று மறுசிறகிலிருந்து வந்தாலும் ஓரிடத்தில் வயிறும் வயிறும், மற்றோரிடத்தில் முதுகும் முதுகும் எதிர்ப்படும்.

இதனால் என்ன நேரும்? ஒரே சிறகின் இறகுகள் மூன்றும் காற்றை ஒரே பக்கமாகத் தள்ளும். அம்பு தன் அச்சில் மெல்லச் சுழன்றபடி பறக்கும். அந்தச் சுழற்சி அதன் போக்கை நிலைப்படுத்தும். கலந்து ஒட்டினால் ஒன்று தள்ளுவதை மற்றொன்று தடுக்கும், அம்பு தள்ளாடும். காற்றியல் என்னும் துறை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாலைவனத்து வில்லாளிகள் இதைக் கண்டு, இரண்டு சொற்களில் அடக்கி வைத்துவிட்டார்கள்.

மார்க்கத்திலிருந்து வெளியேறிச் செல்லும் ஒரு கூட்டத்தாரை, வேட்டைப் பிராணியைத் துளைத்து மறுபுறம் வெளியேறும் அம்புக்கு ஒப்பிட்டு நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. எய்தவன் தன் அம்பை எடுத்துப் பார்க்கின்றான். முனையைப் பார்க்கின்றான், முனையைத் தண்டோடு இறுக்கிய நரம்புக்கட்டைப் பார்க்கின்றான், தண்டைப் பார்க்கின்றான், இறுதியில் குத்தாக்களைப் பார்க்கின்றான். எங்கும் இரத்தக்கறை இல்லை. இந்த வரிசை முனையிலிருந்து வால் வரை ஓர் அம்பின் முழு அமைப்பையும் காட்டிவிடுகின்றது. இரும்பிலும் வழவழப்பான மரத்திலும் இரத்தம் ஒட்டாமல் போகலாம். இறகிலுமா ஒட்டாமல் போகும்? அம்பில் இரத்தத்தை மிக எளிதில் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான். அதுவும் தூய்மையாக இருக்கின்றது என்றால், உள்ளே நுழைந்த அடையாளமே இல்லாமல் அது வெளியேறிவிட்டது என்று பொருள். குத்தாவை வெறும் "இறகு" என்று எழுதிவைத்த நமக்கு, இந்த ஹதீஸின் ஆழம் இத்தனை காலம் பாதியே புரிந்திருந்தது.

இறகில்லாத அம்பும் ஹலாலும்

வேட்டைப் பிராணிகள் பற்றிய பாடத்தில் "மிஃராத்" என்ற சொல் வரும். அதைக் கொண்டு வேட்டையாடுவது பற்றி அதீ பின் ஹாதிம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்கின்றார்கள். அது கூர்மையான பகுதியால் துளைத்திருந்தால் உண்ணலாம். குறுக்குவாட்டில் அடித்துக் கொன்றிருந்தால் உண்ணக்கூடாது, அது அடிபட்டுச் செத்ததைச் சேரும் என்பது அவர்களுக்குக் கிடைத்த பதிலின் கருத்து.

ஓர் அம்பு ஏன் குறுக்குவாட்டில் போய் விழ வேண்டும் என்னும் ஐயம் மாணவப் பருவத்தில் நமக்கு எழவேயில்லை. மிஃராத் என்பதை மொழி அறிஞர்கள் இறகும் முனையும் இல்லாத அம்பு என்றே விளக்குகின்றனர். விடை அங்கேயே இருக்கின்றது. வாலில் இறகில்லாததால் அதைத் திருப்பி நேராக்க எதுவுமில்லை. முனையில் இரும்பில்லாததால் முன்பக்கம் கனமுமில்லை. அது சில வேளை கூராகப் போய்க் குத்தும். சில வேளை தடியைப் போலக் குறுக்கே விழுந்து அடிக்கும். எது நடந்தது என்பதை வேட்டையாடியவரே பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஹலாலா ஹராமா என்னும் கேள்வி ஒரு விரல் நீள இறகில் வந்து நிற்பதை இங்கே காண்கிறோம்.

அறியாமைக் காலத்தில் குறி பார்க்கப் பயன்பட்டு, அல்மாயிதா அத்தியாயத்தில் தடைசெய்யப்பட்ட "அஸ்லாம்" என்பவையும் இறகில்லாத அம்புகளே. அவை எய்வதற்கானவை அல்ல. பையிலிட்டுக் குலுக்கி எடுப்பதற்கானவை. ஆகவே அவற்றுக்கு இறகு தேவைப்படவில்லை.

இனி, எந்தப் பறவையின் இறகு என்ற கேள்விக்கு வருவோம். விறைப்பும் உறுதியும் உள்ள இறகே வேண்டும் என்பதால் பல நாடுகளிலும் கழுகு, பிணந்தின்னிக் கழுகு போன்ற பெரும்பறவைகளின் இறகுகளை வில்லாளிகள் விரும்பினர். ஆனால் அவை எளிதில் கிடைப்பவையல்ல. பொன்னிறக் கழுகின் வாலில் இருப்பவை 12 இறகுகள். இடப்புறம் ஆறு, வலப்புறம் ஆறு. இடம் வலம் கலக்காமல், நீண்ட துண்டாக வெட்டி, அம்புக்கு மூன்று வீதம் ஒட்டினால் ஒரு கழுகுக்கு நான்கு அம்புகள்தான் தேறும். 24 அம்புகள் கொண்ட ஒரு தூணிக்கு ஆறு கழுகுகள் வேண்டும்! ஆகவே வாத்து, அன்னம் போன்ற நீர்ப்பறவைகளின் சிறகுகளும் பெரிதும் பயன்பட்டன. இங்கிலாந்தில் ஐந்தாம் ஹென்றி மன்னர் 1417இல், ஒவ்வொரு வாத்திலிருந்தும் ஆறு சிறகிறகுகளைப் பறித்து அரசுக்கு அனுப்புமாறு பல மாவட்ட அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். பெரும்படைக்குக் கழுகு போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முஸ்லிம் வில்லாளிகளுக்கோ இதில் இன்னொரு கேள்வியும் இருந்தது. அந்த இறகு சுத்தமானதா? ஹனஃபீ மத்ஹபில் செத்த பிராணியின் முடியும் இறகும் அசுத்தமாவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வாறன்று. உண்ணத்தக்க பறவையை முறைப்படி அறுத்து எடுத்த இறகு சுத்தமானது, செத்த பறவையின் இறகு அசுத்தமானது. கழுகு உண்ணத்தக்கதன்று என்பதால் அதை அறுத்தாலும் பயனில்லை. போர்க்களத்தில் ஆயுதத்தைச் சுமந்தவாறே தொழ வேண்டிய அச்சநேரத் தொழுகையின் பாடத்தில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் "ரவ்ளா" இதனைப் பேசுகின்றது. சுமக்கும் ஆயுதம் சுத்தமானதாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையைச் சொல்லும்போது, இரத்தம் தோய்ந்த வாளோடு சேர்த்து, உண்ணத்தகாத பறவையின் இறகோ செத்த பறவையின் இறகோ பொருத்தப்பட்ட அம்பும் அங்கே உதாரணமாக வருகின்றது.

இது ஏட்டளவிலான கற்பனைச் சட்டமன்று. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் சிரியாவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) மறைந்தார்கள். 1260இல் ஐன் ஜாலூத்தில் மங்கோலியப் படையைத் தடுத்து நிறுத்திய மம்லூக்குகளின் காலம் அது. சுல்தான் பைபர்ஸின் ஆட்சி. தெருவில் இறங்கினால் தூணியைச் சுமந்த குதிரைவீரர்களைக் காணலாம். அவர்களுடைய அம்புகளில் இருந்த இறகைப் பார்த்தே அந்தக் கேள்வி எழுந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். ஹனஃபீக்களும் ஷாஃபிஈக்களும் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் ஊர்களில் வாழும் நமக்கு, ஒரே தூணியிலுள்ள அம்புகள் ஒருவருக்கு ஆகுமானதாகவும் பக்கத்தில் நிற்பவருக்கு ஆகாததாகவும் இருக்கும் நிலை புதியதன்று.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே தேர்ந்த வில்லாளி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இளமையில் தமக்கு இருந்த இரண்டு ஆசைகள் அம்பெய்தலும் கல்வியும் என்றும், அம்பெய்தலில் பத்துக்குப் பத்தும் குறி தவறாத நிலையை அடைந்ததாகவும் அவர்கள் கூறியிருக்கின்றார்கள். அம்பெய்தல் போட்டிகளின் சட்டங்களைத் தனிப் பாடமாக முதலில் எழுதியவர்கள் அவர்களே என்று மாணவர் முஸனீ (ரஹ்) கூறியதாக அந்த மத்ஹபின் நூல்கள் குறிப்பிடுகின்றன.

தூரமா, குறியா?

மம்லூக்குகளின் காலத்தில் அம்பெய்தலைப் பற்றித் தனி நூல்கள் எழுந்தன. தைபுகா என்னும் வில்லாசிரியர் சுமார் 1368இல் எழுதி, சுல்தான் அல்அஷ்ரஃப் ஷஅபானுக்குக் காணிக்கையாக்கிய நூல் அவற்றுள் புகழ்பெற்றது. 1970இல் லேதம், பேட்டர்ஸன் என்னும் இருவர் அதை ஆங்கிலத்தில் விளக்கத்துடன் வெளியிட்டனர். பேட்டர்ஸன் வில்லாளி, லேதம் அரபு மொழி அறிஞர். ஏட்டறிவும் கையறிவும் சேர்ந்தால்தான் இத்தகைய நூல்கள் விளங்கும் என்பதற்கு அந்தக் கூட்டணி ஓர் எடுத்துக்காட்டு. நாம் இறகைக் கையில் எடுக்கும்வரை லுஆம் விளங்காததும் இதே காரணத்தால்தான்.

இறகைப் பொருத்துவதில் எத்தனை, எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம், நாணிலிருந்து எவ்வளவு தள்ளி என ஒவ்வொன்றுக்கும் ஓர் இலாபமும் ஒரு நட்டமும் உண்டு. மூன்று இறகு வைத்தால் ஓர் இறகு வில்லுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்கும்படி அம்பை நாணில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வில்லில் உராயும். நான்கு வைத்தால் அம்பை எப்படிப் புரட்டி வைத்தாலும் ஒன்றுதான். அவசரத்தில் பார்த்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் எடையும் காற்றின் தடையும் கூடும். தண்டுக்கு நேராக ஒட்டினால் வேகம் மிஞ்சும். சற்றுச் சாய்த்து ஒட்டினால் சுழற்சி மிகுந்து அம்பு விரைவில் நிலைக்கு வரும், ஆனால் வேகத்தை இழக்கும். நாணுக்கு மிக நெருக்கமாக இறகை வைத்தால் திருப்பும் ஆற்றல் கூடும். ஆனால் இழுக்கும் விரல் அதை நசுக்கிவிடும். அகன்ற முனையுள்ள வேட்டை அம்புக்குப் பெரிய இறகு இன்றியமையாதது. அந்த முனையே ஒரு சிறகைப் போலக் காற்றைப் பிடித்து அம்பை இழுத்துச் செல்லும் என்பதால் அதை அடக்க வாலில் வலு வேண்டும்.

இவை அனைத்தின் உச்சத்தைக் காண இஸ்தான்புல் நகருக்குச் செல்ல வேண்டும். 1453இல் அந்நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, அங்கே அம்பெய்வதற்கென ஒரு பரந்த திடலை ஒதுக்கினார். ஒக்மெய்தானி, அதாவது அம்புத் திடல் என்று அதற்குப் பெயர். அங்கே வில்லாளிகளுக்கென ஒரு தக்கியா இருந்தது. தலைமைக்கு ஒரு ஷைகும் இருந்தார். உளூவுடன் எய்வதும், அம்பை விடும்போது "யா ஹக்" என முழங்குவதும் அவர்களின் ஒழுங்கு.

துப்பாக்கி பரவி வில் போர்க்களத்திலிருந்து விலகிய பின்னும் அங்கே தொலைதூரம் எய்யும் கலை தொடர்ந்தது. வில்லாளியாகப் பதிவுபெற விரும்பும் மாணவர் சாட்சிகள் முன்னிலையில் 900 கெஸ் தூரம் எய்ய வேண்டும். ஒரு கெஸ் ஏறத்தாழ 66 செ.மீ.; ஆக 594 மீட்டர்! 16ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்ற தோஸ்கொபரான் இஸ்கந்தர் என்னும் வீரர் 1281.5 கெஸ், அதாவது சுமார் 846 மீட்டர் எய்ததாகப் பதிவுள்ளது. காற்றின் போக்கு பார்த்து, காற்றோடு சேர்த்து எய்த தூரங்கள் இவை. எந்தக் காற்றுக்கு எந்தத் தடம் என்பதும் அங்கே வகுக்கப்பட்டிருந்தது. இத்தூரங்களைக் கட்டுக்கதை என்று ஐரோப்பியர் சிலர் எண்ணியதுண்டு. 1790களின் நடுவில் லண்டனிலிருந்த துருக்கியத் தூதரகச் செயலாளர் மஹ்மூது எஃபெந்தி, அங்குள்ள வில்லாளர் சங்கத்தினர் பார்த்திருக்கக் காற்றின் போக்கில் 482 கஜம் (சுமார் 440 மீட்டர்) எய்து காட்டினார். அவர் தம் நாட்டில் சிறந்த வில்லாளிகளுள் ஒருவராகத் தம்மைக் கருதவில்லை என்றும் சொல்வார்கள்.

இத்தகைய தூரத்தை எட்டிய அம்பு போர் அம்பன்று. நடுவில் சற்றுத் தடித்து இருபுறமும் மெலியும் பைன் மரத் தண்டு, எலும்பாலான சிறு முனை, வாலில் மிகக் குட்டையான, மிகத் தாழ்ந்த இறகுகள். குறி பார்த்து எய்யும் அம்பில் இறகு பெரியது. தூரத்துக்கு எய்யும் அம்பில் சிறியது. அம்பை நேராக்கும் அதே இறகுதான் அதன் வேகத்தையும் தின்கின்றது. அம்பு புறப்பட்டவுடன் நெளிவை அடக்கும் அளவுக்கு இறகு இருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு நூலிழை கூடினாலும் தூரம் குறையும். அந்த அளவைக் கண்டறிய ஒக்மெய்தானியில் தலைமுறைகள் உழைத்தன. பறக்கும் பறவையை வீழ்த்த எய்யும் அம்பு இதற்கு நேர் எதிரானது. தவறிய அம்பு தொலைந்துபோகாமல் அருகிலேயே விழ வேண்டும் என்பதற்காக அதில் வேண்டுமென்றே பெரிய இறகை வைப்பர்.

அக்கலை அழியும் தறுவாயில் அதைப் புதுப்பித்தவர் சுல்தான் இரண்டாம் மஹ்மூது. அவரே 1818இல் வில்லாளியாகப் பதிவு பெற்றவர். அவருடைய ஆணையின்படி முஸ்தஃபா கானீ என்பவர் முன்னோர் ஏடுகளையெல்லாம் திரட்டி எழுதிய நூல் 1847இல் அச்சாயிற்று. சுல்தான் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1839இல், மறைந்துவிட்டார். அந்த நூல் 1920களில் ஜெர்மன் மொழிக்குச் சென்றது. அதைத் துணைக்கொண்டு அமெரிக்க இயற்பியலாளர் கிளாப்ஸ்டெக் 1934இல் துருக்கிய வில்வித்தை பற்றி ஒரு நூல் எழுதினார். துருக்கியின் மரபுவழி வில்வித்தை 2019இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. தூரப் பதிவுகளைக் குறித்து நடப்பட்ட கற்களில் சில, இன்று கட்டடங்கள் நிறைந்துவிட்ட அந்தப் பகுதியில் வீடுகளுக்கிடையே நிற்கின்றன.

பழைய இறகுகள் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் மேரி ரோஸில் ஆயிரக்கணக்கான அம்புகள் கிடைத்தன. தண்டு இருக்கின்றது, இறகைக் கட்டிய நூலின் தடம் இருக்கின்றது, செம்பு கலந்த பூச்சின் பச்சை நிறம் இருக்கின்றது. இறகைத் தண்ணீர் தின்றுவிட்டது. பூச்சி அரிக்காதிருக்கவே செம்பு சேர்த்தனர் என்பர்.

இவற்றையெல்லாம் படித்து முடித்த பின், சென்ற விடுமுறையில் நம் இளைய மகனோடு பள்ளிவாசலின் பின்புறத் திடலில் ஒரு மூங்கில் வில் செய்து பார்த்தோம். (மஃரிபு தொழுதுவிட்டுத் திரும்பும்போது தம் அம்பு விழும் இடம் கண்ணுக்குத் தெரிந்ததாக ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) கூறுவது, மஃரிபை முன்நேரத்தில் தொழுததற்கு ஆதாரமாக நாம் ஓதியது. நம் அம்பு பகலிலேயே எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.) வைக்கோல் திணித்த ஒரு சாக்கைச் சுவரில் சாய்த்து வைத்தோம். முனையும் இறகும் இல்லாத குச்சியை முதலில் எய்தோம். ஐந்தில் மூன்று முறை அது குறுக்கே விழுந்து சாக்கை அடித்துவிட்டுக் கீழே கிடந்தது. "அத்தா, இதுதான் மிஃராத்தா?" என்றான். ஆம் என்றோம்.

பிறகு கோழிக் கடையிலிருந்து ஒரு பை நிறையச் சிறகிறகுகள் வாங்கி வந்தான். பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த கோழி என்பதால் இரண்டு மத்ஹபுக்கும் அதில் பிரச்சினை இல்லை. முதல் அம்பில் பார்க்காமல் கலந்து ஒட்டிவிட்டோம். அது தள்ளாடிக்கொண்டே போய்ச் சாக்கின் ஓரத்தில் சாய்வாகச் செருகி நின்றது. இரண்டாவதில் மூன்றும் வலச்சிறகு இறகுகள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அளந்து, கத்தரிக்கோலால் ஒரே அளவாக வெட்டினான். அந்த வேலையில் மட்டும் அரைமணி நேரம் ஆயிற்று. அது நேராகப் போய் நடுச் சாக்கில் தைத்தது.

அதன்பின் அவன் பையைத் தரையில் கொட்டி, வயிறு முதுகு பார்த்து, வலம் ஒரு குவியலும் இடம் ஒரு குவியலுமாகப் பிரித்தான். ஒடிந்தவை போக, இடச்சிறகில் நல்ல இறகுகள் ஐந்துதான் தேறின. ஆறாவதற்காக மறுநாள் அஸருக்குப் பின் மீண்டும் கடைக்குப் போய் நின்றான்.